லண்டன் கிளப்களில் ஒரு இசை இன்னொன்றாக மாறுவது எப்படி? ஜங்கிள் முதல் டப்ஸ்டெப் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹார்ட்கோர், ஜங்கிள், ட்ரம் அண்ட் பேஸ், கராஜ், டூ-ஸ்டெப், கிரைம், டப்ஸ்டெப். 1990-க்கும் 2006-க்கும் இடையில் லண்டன் என்ற ஒரே ஊரில் பிறந்து வளர்ந்த பெயர்கள் இவை. புதிதாகக் கேட்க வருபவருக்கு இந்தப் பட்டியலே மிரட்டலாக இருக்கும். இருபது வருடமாக இந்த இசையை விடாமல் கேட்டு வருகிறேன். நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இத்தனை பெயர்கள் எதற்கு? எல்லாம் ஒரே "டம் டம்" தானே?

பக்கத்து அறையிலிருந்து கேட்டால் அப்படித்தான் இருக்கும். உள்ளே நின்று கேட்டால் இல்லை. ஹவுஸ் இசையில் ஒவ்வொரு அடிக்கும் கிக் ட்ரம் விழும். கால் தானாக நடை போடும். ஜங்கிளில் கிக் எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. டப்ஸ்டெப்பில் இரண்டு அடிகளுக்கு நடுவே பெரிய வெற்றிடம் இருக்கும். அந்த இடத்தை பேஸ், அதாவது அடிநிலை ஒலி, நிரப்பும். ஆடுகிறவர்களின் உடம்பு இந்த மூன்றிலும் மூன்று விதமாக அசையும். உடம்பின் அசைவு மாறியதும் ஊரார் புதுப் பெயர் வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது நியாயமான காரணம்தான்.

ஒரு பாணியை யார் மாற்றுகிறார்கள்? யாராவது ஒரு மேதை உட்கார்ந்து கண்டுபிடிக்கிறாரா?

இல்லை. இந்தப் பக்கத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வருவதே இதுதான். பாணியை மாற்றுவது ஒரு அறை. அந்த அறையில் இருக்கும் ஸ்பீக்கர், அது திறந்திருக்கும் நேரம், அங்கே வருகிற கூட்டம், கைக்குக் கிடைக்கிற மலிவான கருவி, வெளியே நிற்கிற போலீஸ் என எல்லாம் சேர்ந்து மாற்றுகின்றன.

நடப்பது இதுதான். டிஜே ஆறு நிமிடப் பாட்டு ஒன்றைப் போடுகிறார். அதில் ஏதோ ஒரு இருபது விநாடியில் மட்டும் கூட்டம் துள்ளுகிறது. அவர் அதைக் கவனிக்கிறார். அடுத்த வாரம் அந்த இருபது விநாடி போலவே இருக்கும் இசைத்தட்டுகளைத் தேடி எடுக்கிறார். கூட்டத்திலேயே பாட்டு செய்கிற ஒரு பையனோ பெண்ணோ நிற்கிறார். வீட்டுக்குப் போய், அந்த இருபது விநாடியை மட்டும் வைத்து முழுப் பாட்டே செய்துவிடுகிறார். ஒரு வருடம் இப்படியே ஓடினால், முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் உறவு இருப்பதே தெரியாது.

இதற்கு உண்மையான உதாரணம் ஏதாவது உண்டா?

உண்டு. லண்டனின் சேரிங் கிராஸ் ரயில் பாதைக்குக் கீழே, வளைவு மண்டபங்களில் இருக்கும் கிளப் ஹெவன். அங்கே 1980களின் கடைசியிலிருந்து வியாழக்கிழமைதோறும் ரேஜ் என்ற இரவு நிகழ்ச்சி நடந்தது. ஃபேபியோ, குரூவ்ரைடர் என்ற இருவர் முதலில் மாடியில் இருந்த சின்ன அறையில்தான் வாசித்தார்கள். அமெரிக்க ஹவுஸ், டெக்னோ, பெல்ஜியத்திலிருந்து வந்த முரட்டு டெக்னோ எல்லாவற்றையும் கலந்தார்கள். ஒரு தட்டின் பின்பக்கத்தில் வெட்டி ஒட்டிய ட்ரம் தாளம் இருந்தால் அதை எடுத்து, வேகத்தை ஏற்றி, டெக்னோ மேலே போட்டார்கள். கூட்டம் அதற்குத்தான் அதிகம் ஆடியது. கொஞ்ச நாளில் அவர்கள் பெரிய அறைக்கு வந்துவிட்டார்கள்.

கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் என்ற இரண்டு பெண் டிஜேக்கள் அங்கே வாடிக்கையாக வருவார்கள். அவர்கள் தங்கள் நண்பர் ஒருவரை ஒரு நாள் அழைத்துப் போனார்கள். அந்த நண்பர் கோல்டி. பின்னாளில் மூவரும் சேர்ந்து நடத்திய மெட்டல்ஹெட்ஸ் லேபிள் ட்ரம் அண்ட் பேஸின் முகமாகவே ஆகிவிட்டது. ரேஜ் 1993-இல் நின்றுபோனது. அதற்குள் அது செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்திருந்தது.

ஜங்கிளில் எல்லாப் பாட்டிலும் ஒரே ட்ரம் கேட்கிறதே?

சரியாகக் கண்டுபிடித்தீர்கள். 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்க சோல் குழு ஒரு தட்டு வெளியிட்டது. அதன் பின்பக்கத்தில் "ஆமென், பிரதர்" என்ற பாட்டு. நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய, கிரெகரி கோல்மன் தனியாக நாலு பார் (ஒரு பாருக்கு நாலு அடி) ட்ரம் வாசிப்பார். ஏறத்தாழ 7 விநாடி, அவ்வளவுதான். உலகத்தில் அதிகம் வெட்டி ஒட்டப்பட்ட ட்ரம் துண்டுகளில் இதற்குத்தான் முதல் வரிசை.

இதை ஒரு முறை நானே செய்து பார்த்தேன். அசல் துண்டை கம்ப்யூட்டரில் போட்டேன். நிமிடத்துக்கு 137 அடி அளவில் ஓடுகிறது; நிதானமான, கனமான வாசிப்பு. அதை 165-க்கு ஏற்றினேன். வேகம் கூடும்போது சுருதியும் கூடுகிறது. கிக் ட்ரம்மின் கனம் குறைந்து, ஸ்னேர் என்ற கூர்மையான சின்ன ட்ரம் தகர டப்பாவைத் தட்டியது போலத் தெறிக்கிறது. சிம்பலின் இரைச்சல் மணலைச் சலிப்பது போல மேலே பரவுகிறது. அப்புறம் அதைப் பதினாறு துண்டாக வெட்டி, கடைசித் துண்டை முன்னால் வைத்தேன், ஒரு ஸ்னேரை மூன்று முறை அடுக்கினேன். அவ்வளவுதான் செய்தேன். அறைக்குள் சட்டென்று 1994 வந்து நின்றது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறவே இல்லை. இந்த ஏழு விநாடியை வைத்து எத்தனையோ பேர் பிழைத்தார்கள். கோல்மனுக்கு ஒரு காசு வரவில்லை. 2006-இல் ஏழ்மையில் இறந்தார். 2015-இல் இங்கிலாந்தில் டிஜேக்கள் முன்னின்று பணம் திரட்டி, குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார்கள். கோல்மனுக்கு அது எட்டவில்லை.

நிமிடத்துக்கு 165 அடி என்றால் எப்படி ஆடுவது? மூச்சு வாங்காதா?

ட்ரம்முக்கு ஆடினால் வாங்கும். ஆனால் பேஸ் பாதி வேகத்தில், 82 அளவில் நடக்கிறது. அது ஜமைக்காவின் ரெகே நடை. மேல்காலம், கீழ்காலம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே தாளத்தில் இரண்டு காலமும் ஒன்றாக ஓடுகின்றன. களைத்தவர் கீழ்காலத்தைப் பிடித்துக்கொண்டு தோளை மட்டும் அசைக்கலாம். தெம்பு இருப்பவர் மேல்காலத்தில் பறக்கலாம். ஒரே ஆடுதளத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடுவார்கள்.

1990-இல் ஜங்கிளுக்கு முந்தைய ஹார்ட்கோர் 125, 130 என்றுதான் ஓடியது. வருடத்துக்கு வருடம் ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் பாதி வேகம் ரெகேயோடு பொருந்தும் இடத்துக்கு வந்துவிட்டது. ஹவுஸில் வளர்ந்த ஆட்களும் ரெகேயில் வளர்ந்த ஆட்களும் ஒரே பாட்டுக்கு ஆட முடிந்தது அதனால்தான்.

ரெகே எப்படி லண்டனுக்குள் வந்தது?

1948 முதல் கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களோடு வந்தது. அவர்கள் சவுண்ட் சிஸ்டம் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்: சொந்தமாகக் கட்டிய ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், ஒருவர் தட்டு போட, இன்னொருவர் மைக்கில் பேசுவது. அந்தக் கால கிளப்களில் கறுப்பின இளைஞர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது சகஜம். அதனால் வீட்டு அடித்தளத்திலும் சமூகக் கூடங்களிலும் சொந்த இரவுகளை நடத்தினார்கள். ஜா ஷாகா போன்றவர்களின் சிஸ்டத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் அவர்களின் நண்பர்களும்தான் பிறகு ஜங்கிள் செய்தார்கள், டப்ஸ்டெப்பும் செய்தார்கள்.

ரீவைண்ட் என்ற பழக்கமும் அங்கிருந்து வந்ததே. பாட்டு பிடித்துப்போனால் கூட்டம் கத்தும், சுவரைத் தட்டும். டிஜே தட்டைப் பின்னுக்கு இழுத்து முதலிலிருந்து போடுவார். நாடக மேடையில் "ஒன்ஸ்மோர்" கேட்ட நம் தாத்தாக்களுக்கு இது புரிந்திருக்கும்.

டப்பிளேட் என்கிறார்களே, அது என்ன?

அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் பூச்சு பூசிய தட்டு. அதில் ஒரே ஒரு பிரதியாகப் பாட்டைச் செதுக்குவார்கள். கடையில் விற்கும் வினைல் இல்லை. சில டஜன் தடவை ஓடினாலே தேயத் தொடங்கும். முதலில் போவது உயர்ந்த ஒலிகள். சிம்பலின் கூர்மை மங்கி, பாட்டின் மேல் துணி போர்த்தியது போல ஆகிவிடும். பேஸ் மட்டும் கடைசிவரை நிற்கும்.

இந்தத் தேய்கிற தட்டுதான் பாணி மாறும் வேகத்தை நிர்ணயித்தது என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஒரு பாட்டை முடிக்கலாம். புதன்கிழமை செதுக்கிக்கொள்ளலாம், டப்ஸ்டெப் ஆட்கள் தென் லண்டன் ஃபாரஸ்ட் ஹில்லில் இருந்த டிரான்சிஷன் ஸ்டூடியோவுக்குப் போவார்கள். வார இறுதியில் ஆடவைத்துப் பார்க்கலாம். கூட்டம் அசையவில்லையா, வீட்டுக்குப் போய் பேஸை மாற்றி மறுபடி செதுக்கலாம். கடைக்கு வரும் முன்பே ஒரு பாட்டு மாதக்கணக்கில் தளத்தில் தேறி வந்திருக்கும். செதுக்கப் பணம் செலவானதால், தேறாத பாட்டை யாரும் தட்டில் ஏற்ற மாட்டார்கள். இன்று நொடியில் கோப்பு அனுப்பலாம்; அந்த வடிகட்டி இல்லை.

பைரேட் ரேடியோவின் பங்கு என்ன?

பெரிய பங்கு. உரிமம் இல்லாத நிலையங்கள், அடுக்குமாடி கவுன்சில் குடியிருப்புகளின் மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டி ஒலிபரப்பின. ஹேக்னியில் 1991-இல் தொடங்கிய கூல் எஃப்எம் ஜங்கிளின் வீடு. 1994-இல் தொடங்கிய ரின்ஸ் எஃப்எம் முதலில் ஜங்கிள் போட்டது, அப்புறம் கராஜ், அப்புறம் கிரைமும் டப்ஸ்டெப்பும். அதிகாரிகள் ஏறி வந்து கருவியைப் பறிப்பார்கள். சில நாளில் வேறு மாடியில் வேறு கருவி ஏறும். ரின்ஸை நடத்தியவர்களில் ஒருவரான டிஜே ஸ்லிம்ஸீக்கு, நாலு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் கூரையில் ஏறக்கூடாது என்று 2005-இல் தடை உத்தரவே போட்டார்கள். 2010-இல் அதே ரின்ஸுக்கு முறையான உரிமம் கிடைத்தது.

வயது குறைவால் கிளப்புக்குள் போக முடியாத பிள்ளைகள் ரேடியோவில் கேட்டார்கள், கேசட்டில் பதிந்தார்கள். கிரைம் பாடகர்களில் பலர் அப்படி வளர்ந்தவர்கள். நேயர்கள் மிஸ்டு கால் கொடுத்துத்தான் பாட்டைப் பாராட்டுவார்கள். ஸ்டூடியோ போன் விடாமல் அடித்தால் ரீவைண்ட். காசு செலவில்லாத ஓட்டு. நம்மூரில் மிஸ்டு கால் கொடுத்தே பேசி முடித்த தலைமுறைக்கு இது மிக நெருக்கமான விஷயம்.

கராஜ் எப்படி வந்தது? ஜங்கிளுக்கும் அதற்கும் ஒட்டே இல்லையே?

பெயர் நியூயார்க்கிலிருந்து வந்தது. 1977 முதல் 1987 வரை அங்கே பாரடைஸ் கராஜ் என்ற கிளப் இருந்தது. லேரி லெவன் வாசித்த, பாட்டுக்குரல் நிறைந்த, சோல் மணக்கும் இசைக்குக் கராஜ் என்று பெயர் நின்றுவிட்டது. அதை மாதிரியாக வைத்து 1991-இல் லண்டனின் எலிஃபன்ட் அண்ட் காஸில் பகுதியில் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் திறந்தார்கள். விடிய விடிய ஆடிவிட்டு வெளியே வந்தவர்களுக்கு வீட்டுக்குப் போக மனமில்லை. பக்கத்துப் பப்களில் ஞாயிற்றுக்கிழமை கச்சேரி தொடங்கியது. சனிக்கிழமை இரவு பெரிய கிளப்களின் சொத்து; புதியவர்களுக்குக் கிடைத்தது ஞாயிறுதான்.

இங்கேதான் கருவி தன் வேலையைக் காட்டியது. டெக்னிக்ஸ் 1200 தட்டுச் சுழலியில் வேகத்தை 8 சதவீதம் வரை ஏற்றலாம். அமெரிக்கத் தட்டு 122 வேகத்தில் பதிவானது என்று வையுங்கள். முழுக்க ஏற்றினால் கிட்டத்தட்ட 132. இரவு முழுக்க வேகமான இசை கேட்ட காதுக்கு 122 தூங்கி வழியும். 132 சரியாக இருந்தது. ஆனால் பாடகியின் குரல் அரைச்சுரத்துக்கும் மேலே ஏறி, குழந்தைக் குரலாகிவிடும். அதனால் டிஜேக்கள் தட்டைத் திருப்பி, குரல் அதிகம் இல்லாத டப் வடிவத்தைப் போட்டார்கள். டப் வடிவத்தில் முன்னால் நிற்பது பேஸும் தாளமும். நியூஜெர்சிக்காரர் டாட் எட்வர்ட்ஸ் குரலைத் தூள் தூளாக நறுக்கி வாத்தியம் போல வாசித்த பாட்டுகளும் இங்கே கொண்டாடப்பட்டன. உள்ளூர் ஆட்கள் தாங்களே பாட்டு செய்யத் தொடங்கியபோது, 130க்கு மேல் வேகம், நறுக்கிய குரல், ஜங்கிளில் கற்ற கனமான பேஸ், மூன்றையும் சேர்த்தே செய்தார்கள்.

ஜங்கிள் கூட்டம் ஏன் கராஜுக்கு மாறியது?

ஜங்கிள் விழாக்களில் பெரிய அறையில் ஜங்கிள் ஓடும், இரண்டாவது சின்ன அறையில் கராஜ். 1990களின் நடுவில் ட்ரம் அண்ட் பேஸ் இருண்டது, முரடானது. பாட்டுக்குரல் குறைந்து, இரும்பை அறுக்கும் சத்தம் கூடியது. பெண்கள் சின்ன அறைக்கு நகர்ந்தார்கள். கொஞ்ச நாளில் ஆண்களும் பின்னாலேயே வந்தார்கள். அன்று அங்கே இருந்தவர்கள் பலரும் இதை இப்படித்தான் சொல்கிறார்கள்.

இசை வரலாறு எழுதுகிறவர்கள் தயாரிப்பாளர்களின் பெயர்களை அடுக்குகிறார்கள்; அதில் பெரும்பாலும் ஆண்கள். ஒரு அறையை விட்டு வெளியேறுவதும் படைப்புச் செயல்தான் என்று நான் நம்புகிறேன். அந்தப் பெண்கள் கால் மாற்றி வைத்ததால்தான் கராஜில் குரல் திரும்பி வந்தது, மெட்டு வந்தது. ஷூ, சட்டை, ஷாம்பெய்ன் என்று உடுத்திக்கொண்டு வரும் பழக்கமும் சேர்ந்தே வந்தது.

டூ-ஸ்டெப் என்பது?

கராஜின் அடுத்த படி. நாலு அடிக்கும் விழுந்த கிக்கில் இரண்டை எடுத்துவிட்டார்கள். மீதி ட்ரம்களைச் சற்றே தள்ளி வைத்தார்கள்: நேரான சதுஸ்ரமும் இல்லை, உருளுகிற திஸ்ரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஆடும் நடை. கேட்கும்போது இடுப்பில் தொடங்கும் அசைவு அந்த நடுவிலிருந்துதான் வருகிறது. 2000 வாக்கில் இது இங்கிலாந்தின் பாப் வரிசையை ஆட்டிவைத்தது.

ஒரு பாட்டு பெரிய ஹிட் ஆனால் பாணி செத்துவிடும் என்கிறார்களே?

சாகாது, ஆனால் திசை மாறும். 1994-இல் எம்-பீட் செய்து ஜெனரல் லெவி பாடிய ஒரு ஜங்கிள் பாட்டு பாப் வரிசையில் முதல் பத்துக்குள் போனது. ஜங்கிளே தன் கையில்தான் என்பது போல லெவி பேட்டியில் பேசியதாகச் சொல்லி, முன்னணி டிஜேக்கள் கூடி அந்தப் பாட்டைப் புறக்கணித்தார்கள். ஜமைக்கக் குரல் ஓங்கிய ஜங்கிளிலிருந்து பலர் விலகி, ஜாஸ் பக்கமும் இருட்டுப் பக்கமும் போனார்கள். "ட்ரம் அண்ட் பேஸ்" என்ற பெயரே அந்த விலகலோடு வலுத்தது. அந்தப் புறக்கணிப்பு லெவிக்குச் செய்த அநியாயம் என்பது என் கருத்து. மைக்கில் நின்றவர்களின் இடம் அதனால் சுருங்கியது.

கராஜிலும் இதே கதை. 2001 ஆகஸ்டில் சோ சாலிட் க்ரூ என்ற கராஜ் குழு பாப் வரிசையில் முதலிடம் பிடித்தது. ஆள் அதிகம் என்பதால் அந்தப் பாட்டில் ஒவ்வொருவருக்கும் 21 விநாடிதான். குழுவைச் சுற்றிய வன்முறைச் செய்திகள் பத்திரிகைகளில் வர, கிளப்கள் கராஜ் இரவுகளைக் கைவிட்டன. தளம் கை நழுவியதும் அந்த இசை இரண்டாகப் பிரிந்தது.

கிரைமும் டப்ஸ்டெப்பும் ஒரே வேரா?

ஆமாம். கராஜிலிருந்து மைக்கையும் கோபத்தையும் எடுத்துக்கொண்டு போனது கிரைம். பேஸையும் இடைவெளியையும் எடுத்துக்கொண்டு போனது டப்ஸ்டெப். கிரைம் கிழக்கு லண்டனின் போ பகுதிப் பிள்ளைகளுடையது. வைலி, டிஸ்ஸி ராஸ்கல் போன்றவர்கள். டிஸ்ஸி 2003-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி விருது வாங்கியபோது வயது 18, 19 தான். கிளப் கதவு மூடியதால் அவர்கள் ரேடியோவுக்கும் டிவிடிக்கும் பாட்டு செய்தார்கள். அதனால்தான் ஆரம்ப கிரைமில் ஆடுவதற்கான ஒழுக்கம் குறைவு, பேச்சின் வேகம் அதிகம்.

இருவருமே 140 வேகத்தில் நிலைத்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அவர்கள் பயன்படுத்திய ஃப்ரூட்டிலூப்ஸ் மென்பொருளைத் திறந்தாலே அன்று 140 என்றுதான் காட்டியது. மாற்ற நினைக்காதவர்கள் அப்படியே செய்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. முழுக் காரணம் அதுவல்ல, கராஜ் ஏற்கெனவே அந்த வேகத்தை நெருங்கிவிட்டது. ஆனாலும் கருவி சொல்வதைக் கேட்கிற வயது அது.

டப்ஸ்டெப் பிறந்த இடம் என்று ஒன்றைக் காட்ட முடியுமா?

தென் லண்டன் குரோய்டனில் சர்ரே ஸ்ட்ரீட். நூற்றாண்டுகளாகக் காய்கறிச் சந்தை நடக்கும் தெரு. அங்கே பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் என்ற தட்டுக் கடை இருந்தது. டிஜே ஹேட்சா கடையில் வேலை பார்த்தார், மாடியில் ஆர்ட்வொர்க் என்ற தயாரிப்பாளரின் ஸ்டூடியோ. பள்ளி வயதில் ஸ்க்ரீமும் பெங்காவும் அந்தக் கடையையே சுற்றி வந்து, தாங்கள் செய்த பாட்டுகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஹேட்சா பிடித்ததை டப்பிளேட்டில் செதுக்கி, ஃபார்வர்ட் என்ற இரவில் போடுவார். 2001-இல் சோஹோவில் தொடங்கிய அந்த இரவு பிறகு ஷோர்டிச்சில் பிளாஸ்டிக் பீப்பிள் என்ற கிளப்புக்குப் போனது.

பிளாஸ்டிக் பீப்பிள் படியிறங்கிப் போகும் சின்ன இடம். ஏறக்குறைய கும்மிருட்டு. மிகத் துல்லியமான ஒலி. இருட்டில் யார் ஆடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனவே யாரும் யாருக்காகவும் ஆட வேண்டியதில்லை. 50 ஹெர்ட்ஸ் பேஸின் ஒரு அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். அறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஒரே அலை நிற்பது போல. அந்த மாதிரி அறையில் ட்ரம்மைக் குறைத்தாலும் ஆட்டம் நிற்காது என்பதைத் தயாரிப்பாளர்கள் கண்டார்கள். ஸ்னேர் பாரில் ஒரே முறை, மூன்றாவது அடியில். மீதி எல்லாம் பேஸ்.

2005 மார்ச்சில் மாலா, கோகி, லோஃபா ஆகிய டப்ஸ்டெப் தயாரிப்பாளர்கள் பிரிக்ஸ்டனில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்துக்குள் இருந்த மாஸ் கிளப்பில் டிஎம்ஸெட் இரவைத் தொடங்கினார்கள். பேஸின் கனத்தில் தியானம் செய்ய வாருங்கள் என்பது அழைப்பு. 2006 ஜனவரியில் ரேடியோ தொகுப்பாளர் மேரி ஆன் ஹாப்ஸ் பிபிசி ரேடியோ 1-இல் இவர்களை எல்லாம் ஒன்றாக அழைத்து ஒரு நிகழ்ச்சி செய்தார். மார்ச்சில் முதலாண்டு விழா. வரிசை தெருவை நிறைத்துவிட, சின்ன அறையிலிருந்து பெரிய அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

அறை பெரிதானதும் இசையும் மாறியது. பெரிய மேடைகளில், திறந்த வெளியில் அடிநிலை பேஸ் காற்றோடு போய்விடும். நடுநிலைச் சத்தம்தான் கடைசி வரிசைக்கு எட்டும். எனவே உறுமும், கிழிக்கும் நடுநிலை பேஸ் கூடியது. பிறகு அமெரிக்க விழாக்களில் நீங்கள் கேட்ட டப்ஸ்டெப் அதுதான். தியானம் தேடி வந்த பழைய ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள். எனக்கும் அந்த இருட்டறைக் காலம்தான் பிடிக்கும்.

சட்டமும் போலீஸும் இசையை மாற்ற முடியுமா?

முடிந்தது. 1990-இல் உரிமமில்லாத விருந்து நடத்தினால் 20,000 பவுண்டு வரை அபராதம் என்று சட்டம் வந்தது. 1992 மே மாதம் காஸில்மார்ட்டன் பொதுவெளியில் 20,000 பேருக்கு மேல் கூடி நாள் கணக்கில் ஆட, 1994-இல் இன்னொரு சட்டம். திரும்பத் திரும்ப வரும் தாளத்தை இசை என்று வரையறுத்து, திறந்தவெளி இரவுக் கூட்டங்களைக் கலைக்கும் அதிகாரம் போலீஸுக்குக் கொடுத்தது. தாளத்தைச் சட்டப் புத்தகத்தில் எழுதிவைத்த நாடு அது. வயல்வெளியில் ஆடிய கூட்டம் நகரத்துக்குள், உரிமம் உள்ள கிளப்புக்குள் திரும்பியது.

கிரைமை அதிகம் வதைத்தது படிவம் 696. 2005 முதல் லண்டன் போலீஸ், நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் கலைஞர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கேட்டது. என்ன இசை, எந்த இனத்தவர் வருவார்கள் என்றுகூட ஆரம்பத்தில் கேட்டார்கள். 2017 நவம்பரில்தான் கைவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் மேடை ஏறாமலே போன இளைஞர்களின் கணக்கு யாரிடமும் இல்லை.

இதில் தெற்காசியர், தமிழர் யாராவது உண்டா?

ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் ப்ளூ நோட் என்ற கிளப் இருந்தது. 1990களின் நடுவில் ஞாயிற்றுக்கிழமை அங்கே மெட்டல்ஹெட்ஸ் இரவு. திங்கட்கிழமை தல்வின் சிங் நடத்திய அனோகா. ஒரே ஸ்பீக்கரில் ஒரு நாள் ட்ரம் அண்ட் பேஸ், மறுநாள் தபலாவோடு கலந்த ட்ரம் அண்ட் பேஸ். தல்வின் சிங் 1999-இல் மெர்க்குரி விருது வாங்கினார்.

தமிழர் என்றால் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக இலங்கைக்குப் போய், 1986-இல் அகதியாக லண்டன் திரும்பியவர். ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைக் கருவியை வைத்துப் பாட்டு செய்யத் தொடங்கினார். 2005-இல் வந்த முதல் ஆல்பத்துக்குத் தந்தையின் பெயரான அருளர், 2007-இல் இரண்டாவதற்குத் தாயின் பெயரான கலா. கிரைமும் ஜமைக்க டான்ஸ்ஹாலும் கேட்ட தென் லண்டன் காது அவருடையது. எந்தப் பாணிக்குள்ளும் அடங்கவில்லை, ஆனால் அந்த ஊர் இல்லாமல் அந்த இசை இல்லை.

அந்த கிளப்கள் இன்னும் இருக்கின்றனவா?

பிக் ஆப்பிள் 2004-இலேயே மூடியது. பிளாஸ்டிக் பீப்பிள் 2015 ஜனவரியில். 1999-இல் திறந்த ஃபேப்ரிக் என்ற பெரிய கிளப்பின் உரிமத்தை 2016-இல் ரத்து செய்தார்கள். ரசிகர்கள் போராடி, புது நிபந்தனைகளோடு 2017 ஜனவரியில் திறந்தது. வாடகையும் பக்கத்தில் முளைக்கும் அடுக்குமாடி வீடுகளின் புகாரும் சின்ன அறைகளைத்தான் முதலில் அடிக்கின்றன. இருநூறு பேர் அறை ஒன்று மூடும்போது எனக்கு ஏற்படும் கவலை, பிரபல கலைஞர் ஒருவர் ஓய்வு பெறும்போது வருவதில்லை.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1994 ஜங்கிள் தொகுப்பு ஒன்று, 1998 கராஜ் தொகுப்பு ஒன்று, 2005 டிஎம்ஸெட் பாட்டுகள் சில. இந்த வரிசையில் கேளுங்கள். தனிப்பாட்டுகளைவிட அந்தக் கால ரேடியோ பதிவுகள் கிடைத்தால் இன்னும் நல்லது. மைக்கில் பேசும் எம்சியின் குரலும் ரீவைண்டும் வரும் மெசேஜ்களைப் படிப்பதும் எல்லாம் அதில் இருக்கும். மொபைல் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். 50 ஹெர்ட்ஸை அதனால் எழுப்பவே முடியாது. டப்ஸ்டெப் போட்டால் ஸ்னேர் மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருக்கும், பாட்டு வந்தே சேராது. நல்ல ஹெட்ஃபோன் போதும். வூஃபர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவர் வீட்டுக்குப் போய், விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடி அதிரும் அளவுக்கு வையுங்கள். பக்கத்து வீட்டில் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.